குருசுமுத்து ரேடியேற்றர் கூறிய சனிக்கிழமை

குருசுமுத்து ஒருமுறை, கிரின்ஸ்டெட் ஊரின் வீடுகளுக்குச் சூடு அனுப்பும் நிலையத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு குறோணர் கடன்பட்டார். டென்மார்க்குக்கு வந்து முப்பத்தெட்டு வருசத்தில் ஒரு மனிதனுக்கு ஒரு சதம் பாக்கி வைக்காதவர், வெந்நீருக்குக் கடன்காரரானார். அதுவும் பாவித்த வெந்நீருக்கு அல்ல. பாவிக்காமல் திருப்பி அனுப்பிய வெந்நீருக்கு.

சங்கதி இதுதான். அந்த ஊரில் ஓரிடத்தில் தண்ணீரைக் காய்ச்சி, நிலத்துக்குக் கீழே குழாய் போட்டு வீடு வீடாக அனுப்புவார்கள். அது வீட்டிலுள்ள ரேடியேற்றர்களுக்குள் ஓடி, சூட்டை அறைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய்த் திரும்ப வேண்டும். ஆறாமல் திரும்பினால் தண்டம். குருசுமுத்துவின் வீட்டுத் தண்ணீர் வந்த சூட்டோடேயே திரும்பிக்கொண்டிருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டுச் சோற்றைக் குவித்துவிட்டு, மிச்சம் வைத்தாய் என்று பந்தியிலேயே காசு கேட்கிற மாதிரியான சட்டம் என்று அவர் பூசைக்குப் போன இடத்திலும் கடையிலும் சொல்லித் திரிந்தார். நாலு மாதம் இழுத்தடித்து ஐந்தாம் மாதம் கட்டினார். கட்டிய அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

குற்றம் ரேடியேற்றர்களில்தான் இருந்தது. ஆனால் அந்த ரேடியேற்றர்களைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வராததற்கு நியாயம் உண்டு.

அவர் மன்னார் பேசாலைக் கடற்கரையில் ஒரு கூறியாரின் மகன். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை மணலில் குவித்து, சுற்றி நிற்கிற வியாபாரிகளுக்கு விலை கூறி ஏலம் விடுகிறவர்தான் கூறியார். அப்பனின் தொண்டை மகனுக்கும் வந்தது. படிப்பு வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தைக் கட்டி வைத்தவர், எண்பத்தாறில் ஒரு கைப்பையோடும் ஒரு சப்பாத்தோடும் டென்மார்க்கில் வந்து இறங்கினார். ஒரு சப்பாத்து என்றால் ஒரு சோடி அல்ல, ஒன்றுதான். மற்றது வழியில் போய்விட்டது. அப்படி வந்தவர் தொழிற்சாலையில் மூட்டை தூக்கி, இரவு வேலையும் செய்து, ஏழாம் வருசம் சொந்த வீடு வாங்கினார். கணக்கும் விஞ்ஞானமும் படித்தவர்கள் வாடகை அறையில் மூன்று பேராகப் படுத்திருந்த காலம் அது.

வாங்கிய வீட்டில் சூடு போதவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அங்கே மனிதனின் இடுப்பு உயரத்தில் வார்ப்பிரும்பு ரேடியேற்றர்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று ஐம்பது குறோணர். ஒன்பது வாங்கினார். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டியின் பாரம். வேலைத்தளத்து நண்பன் ஒருவனைப் பிடித்துப் பூட்டினார். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வருசம் மட்டும் போன மனிதன், ஒரு பள்ளிக்கூடத்தின் சூட்டையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான் என்று அவரே சொல்வார். வீட்டுக்கு வருகிற எவரும் முதலில் ரேடியேற்றரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கலாம். முப்பது வருசம் இந்த நடைமுறை தவறவில்லை.

முப்பது வருசத்தில் இரும்புக்குள் சேறு கட்டிவிட்டது. அதோடு குருசுமுத்து ஒரு சிக்கனமும் கண்டுபிடித்திருந்தார். எட்டு ரேடியேற்றர்களை இறுக மூடி, கூடத்தில் இருந்த பெரியதை மட்டும் முழுதாகத் திறந்துவிடுவது. எட்டின் காசு மிச்சம் என்பது அவர் கணக்கு. டென்மார்க்கில் பாதித் தமிழர் வீடுகளில் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. ஒன்றே ஒன்றுக்குள் தண்ணீர் விழுந்தடித்து ஓடினால் ஆறுவதற்கு நேரமேது? அதுதான் தண்டம்.

தண்டத்தைக்கூட அவர் தாங்கியிருப்பார். படுக்கையறை ரேடியேற்றர் ஒழுகத் தொடங்கியதுதான் வினையாகிவிட்டது. அடியில் வாளி வைத்தார். சொட்டுச் சொட்டாக விழுந்தது. வாளிக்குள் துணி போட்டார், சத்தம் கேட்காமலிருக்க. மூன்றாம் கிழமை அவர் மனைவி அமலராணி, முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து வருசம் வேலைசெய்து ஓய்வுபெற்றவ, கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பையோடு வாசலில் நின்றா.

“இஞ்சாருங்கோ, நான் வைலேக்குப் போறன்.”

“பிள்ளையைப் பாக்கவோ? எப்ப வாறீர்?”

“புது ரேடியேற்றர் பூட்டினாப் பிறகு.”

“என்ன கதை இது? அந்த இரும்பு எங்கள் ரண்டு பேரையும் விட ஆயுள்கூடினது.”

“அதுதான் சொல்லுறன். அதோடயே இருங்கோ. அது ஒழுகினா நீங்கள் துடைச்சுவிடுங்கோ, நீங்கள் இருமினா அது கேட்டுக்கொண்டு இருக்கட்டும். ஒரு அறைக்க நெருப்பு, மற்ற அறையெல்லாம் ஐஸ்பெட்டி. நான் குசினிக்கு வாறதுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வரவேண்டிக் கிடக்கு.”

“நத்தாருக்கு?” கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருந்தது.

“நத்தாருக்கும் இல்லை.”

மகள் ஷாமிலா வைலேயிலிருந்து காரோடு வந்து தாயை ஏற்றிக்கொண்டு போனாள். குருசுமுத்து அன்று தானே சோறு காய்ச்சினார். அரிசியும் தண்ணீரும் ஒரே அளவு போட்டால் போதும் என்ற நம்பிக்கையில் காய்ச்சினார். அந்தச் சோற்றைப் பற்றி அவர் பின்னர் எங்கும் பெருமையாகப் பேசியதில்லை. அவர் பெருமையாகப் பேசாத ஒரே விசயம் அதுதான்.

கிழமை முடிவதற்குள் குழாய் வேலை செய்கிற பிறெபெனைக் கூப்பிட்டார். மேற்கு யூலாந்துக்காரன். ஒரு வாக்கியத்துக்கு நாலு சொல்லுக்கு மேல் செலவழிக்காத மனிதன். அறை அறையாகப் போய் அளந்தான். குனிந்து பார்த்தான். வாளியைப் பார்த்தான். குசினி மேசையில் இருந்து ஒரு தொகையை எழுதித் திருப்பிக் காட்டினான். தொண்ணூற்று நாலாயிரம்.

குருசுமுத்து தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். ஒன்பது இரும்பையும் நானூற்றைம்பது குறோணருக்கு வாங்கியவர் அவர்.

“வரி சேர்த்தோ?” என்று டெனிஷில் கேட்டார்.

“சேர்த்து.”

“ஒன்பதும் எடுக்கிறேன். ஒன்பது எடுத்தால் ஒன்று சும்மா தரவேண்டும்.”

“ஒன்பதுக்குத்தான் விலை.”

பேரத்தில் அடுத்த படி, இந்த விலைக்கு வேண்டாம் என்று எழும்பிப் போவது. வியாபாரி பின்னால் கூப்பிடுவான், கூப்பிட்டால் பாதி வெற்றி. குருசுமுத்து எழும்பினார். கோட்டை எடுத்தார். கதவைத் திறந்து வெளியே போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. யன்னலால் பார்த்தார். பிறெபென் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் தன் சொந்த வீட்டை விட்டே எழும்பி வந்துவிட்டது அவருக்கு உறைத்தது. திரும்பிப் போவதற்கு ஒரு சாட்டு வேண்டுமே. தபால் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு விளம்பரத் தாளை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“பழையதுகளை நானே கழற்றினால்?”

பிறெபென் யோசித்தான். “குழாய் வாயை நான் அடைக்கிறேன். கழற்றுவது, தூக்குவது உன் பாடு. ஆறாயிரம் குறையும்.”

எண்பத்தெட்டாயிரம். வங்கியில் இதற்கென்று ஒதுக்கி வைத்தது எழுபதாயிரம். பதினெட்டாயிரம் குறைந்தது.

“திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்,” என்றான் பிறெபென். “பிறகென்றால் தை மாதம்தான் நேரம்.”

தை மாதம் என்றால் நத்தார் போய்விடும். அமலராணி இல்லாத நத்தார். ஒன்றரை மாதச் சோறு. குருசுமுத்து தலையைச் சொறிந்தார். வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த பிறெபென் கூடத்துப் பெரிய ரேடியேற்றரை ஒரு தட்டுத் தட்டினான். “இதை இரும்புக் கடைக்குக் கொடுக்காதே. ஓகுஸ் பக்கம் பழைய வீடு திருத்துகிறவர்கள் இதைத் தேடித் திரிகிறார்கள்.” அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை அந்த ஊர் அதற்கு முன் கேட்டிருக்காது.

குருசுமுத்துவின் நெஞ்சு நிமிர்ந்தது. முப்பது வருசமாகத் தான் சொன்னதை ஒரு டெனிஷ்காரன் சொல்லிவிட்டான். உடனே மகளுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, படம் அனுப்புறன். இன்ரநெற்றில போடு. விக்கிறதுக்கு.”

“எவ்வளவு எண்டு போடுறது, அப்பா?”

“விலை போடாதை. வாற சனி காலமை பத்து மணிக்கு வீட்டை வரட்டாம் எண்டு எல்லாருக்கும் சொல்லு.”

“எல்லாருக்கும் ஒரே நேரமோ?”

“ஓம். அப்பதான் கூறலாம்.”

ஷாமிலா டெனிஷுக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அவளைத் தமிழ் கைவிட்டுவிடும். இந்த நாட்டில் விலையைப் போட்டு, முதலில் கேட்டவருக்குக் கொடுப்பதுதான் முறை, ஆட்களைக் கூட்டி வைத்து மோதவிடுவது மரியாதை இல்லை என்று சொன்னாள்.

“முதல் கேட்டவனுக்குக் குடுத்திருந்தா உன்ரை அப்பப்பா பட்டினியிலதான் செத்திருப்பார். நான் சொன்னதைப் போடு. பதினெட்டாயிரம் வரவேணும். நான் பிறத்தியிட்டைக் கைநீட்டுற ஆளில்லை.”

“குறையிறதை நான் தாறன் எண்டு அப்பவே சொன்னனான்.”

“பிள்ளையின்ரை காசில சூடு காயுறதோ? வை போனை.”

வைப்பதற்குமுன் பின்னாலிருந்து அமலராணியின் குரல் கேட்டது. “காலில விழுத்தாமல் தூக்கச் சொல்லு. நான் சொன்னன் எண்டு சொல்லாதை.”

தூக்குவதற்கு ஆள் யோசேப். இரண்டு தெரு தள்ளி இருப்பவர், குருசுமுத்துவைவிட ஏழு வயது இளையவர், யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கடல்தொழில் செய்த குடும்பம். இருவருக்கும் முப்பது வருசமாக ஒரே வழக்கு. எந்தக் கடல் மீன் ருசி, கடலில் மூழ்க எந்த ஊர்க்காரனுக்கு மூச்சு அதிகம். டென்மார்க்கில் உறைய வைத்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த வழக்கைப் பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமை பிறெபென் வந்து வெந்நீரை நிறுத்தி, குழாய் வாய்களை அடைத்துவிட்டுப் போனான். ஒன்பதையும் முற்றத்தில் இறக்கியபோது இரண்டு பேரும் நிமிர முடியாமல் நின்றார்கள். தூக்கும்போது ஒன்று சாய்ந்து, முப்பது வருசத்துக் கறுத்த தண்ணீர் முழுவதையும் அமலராணியின் கூடத்துக் கம்பளத்தில் ஊற்றியது. யோசேப் கம்பளத்தைப் பார்த்தார். குருசுமுத்து கம்பளத்தைத் திருப்பிப் போட்டார்.

“முத்தண்ணை, மற்றப் பக்கத்திலயும் தெரியுது.”

“தெரியட்டும். அவ வரேக்க சூட்டில காய்ஞ்சிடும்.”

“அவ வருவாவோ எண்டதே இனி உந்த இரும்பிலதான் கிடக்கு. நாளைக்கு விலை போகாட்டி என்ன செய்வியள்?”

அதுதான் கேள்வி. பழையது கழற்றியாயிற்று. புதியதற்குக் காசு இல்லை. சுவரில் ஒன்பது இடத்தில் அடைத்த குழாய்கள் மொட்டை மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. விலை போகாவிட்டால் நத்தார் மட்டுமல்ல, வருகிற குளிரில் குடியிருக்கவே முடியாது.

“போகும்,” என்றார் குருசுமுத்து. “நீ ஒரு ஒத்தாசை செய்யவேணும். சனத்துக்குள்ள நிண்டு விலையைக் கேட்டு ஏத்திவிடு. நல்லா ஏறினவுடனை விட்டிடு.”

“பாசையூரில இதைக் களவு எண்டு சொல்லுறது.”

“பேசாலையில ஒத்தாசை எண்டுதான் சொல்லுறது. பத்து மணிக்கு வா. என்னைத் தெரியாத மாதிரி நில்.”

கிரின்ஸ்டெட்டில் தமிழர் எல்லாருமாகச் சேர்ந்தால் ஒரு பஸ்ஸில் ஏறிவிடலாம். அதற்குள் ஒருவரையொருவர் தெரியாத மாதிரி நிற்பது எப்படி என்று யோசேப் கேட்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். டெனிஷ் ஆட்கள் பத்து என்றால் பத்துத்தான். ஓகுஸிலிருந்து பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. ஹோர்சன்ஸிலிருந்து பழைய வீடு வாங்கித் திருத்துகிற இளம் சோடி. பின்னால் இழுவை வண்டி கொழுவிய ஒரு தாடிக்காரர். இன்னும் சிலர். யோசேப்பும் வந்து, வேலியைப் புதிதாகப் பார்ப்பவரைப் போல் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஷாமிலாவின் கார் வந்தது. அமலராணி இறங்கினா. வீட்டுக்குள் போகவில்லை. புல்தரையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கோட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு இருந்தா.

“சும்மா பாக்க வந்தனான்,” என்றா.

குருசுமுத்து ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார். தாடிக்காரர் மரியாதையாகக் கேட்டார், “ஒன்று என்ன விலை?”

“நீங்கள் சொல்லுங்கள்,” என்றார் குருசுமுத்து.

தாடிக்காரர் தன் சப்பாத்தைப் பார்த்தார். இளம் சோடி ஒருவரையொருவர் பார்த்தது. விற்கிறவன் விலை சொல்லாததால், வாங்குகிறவர்கள் ஏதோ தகாததைச் செய்யச் சொன்னதுபோல் கூசிப்போனார்கள். முந்தி வந்தது தாங்கள்தான் என்று மட்டும் இளைஞன் மெதுவாகச் சொன்னான். குருசுமுத்து முதலாவது ரேடியேற்றரின் தலையில் கையை வைத்து, அப்பன் மணலில் நின்று கூறிய அதே தொண்டையைத் திறந்தார். டெனிஷில் திறந்தார். இரண்டு வீடு தள்ளி ஒரு நாய் குரைக்கத் தொடங்கியது. சனம் ஒரு அடி பின்னால் போனது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னொரு முறை கூறினார். கதிரையில் அமலராணி கண்ணை மூடிக்கொண்டிருந்தா.

“ஐந்நூறு,” என்றார் யோசேப், வேலியைப் பார்த்தபடி.

“ஐந்நூறு,” என்று குருசுமுத்து பிடித்துக்கொண்டார். “இந்த ஐயா ஐந்நூறு. இதற்குமேல் யாரும் சொன்னால் அவருக்கு. மூன்று முறை கூறுவேன். மூன்றாவதற்குப் பிறகு மாற்றமில்லை.”

இதற்கும் ஒரு விதி உண்டு என்று தெரிந்ததும் டெனிஷ் முகங்கள் தெளிந்துவிட்டன. விதி இருக்கிற இடத்தில் அவர்களுக்குப் பயமில்லை. இளம் பெண் பள்ளிக்கூடத்தில் கேட்பதைப்போல் கையை உயர்த்தி அறுநூறு என்றாள். தாடிக்காரரும் கையை உயர்த்தினார். எழுநூறு. ஓகுஸ் பெண்மணி நகத்தால் வெள்ளைப் பெயின்றைச் சுரண்டிப் பார்த்தா. மூன்று பூச்சுக்கு அடியில் இரும்பில் வார்த்த இலையும் கொடியும் தெரிந்தன. தொளாயிரம் என்றா. முதலாவது அவவுக்குப் போனது. இரண்டாவது ஆயிரத்து நானூறுக்குப் போனது. நாலாவது வரும்போது சனத்துக்கு உசார் ஏறிவிட்டது. கை உயர்த்த மறந்து சத்தம் போட்டார்கள். வழியில் போன ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, வாங்கும் எண்ணமே இல்லாமல் வந்து நின்றார்.

ஒரு சிக்கல் வந்தது. காசு கையில் வேண்டும் என்று குருசுமுத்து நின்றார். ஒருவரிடமும் காசு இல்லை. எல்லோரும் போனைத்தான் நீட்டினார்கள். அவருடைய போனில் காசு வாங்கும் வசதி இல்லை, அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

“என்ரை நம்பரைச் சொல்லுங்கோ அவைக்கு,” என்றா அமலராணி கதிரையிலிருந்து.

பிறகு ஒவ்வொரு ரேடியேற்றருக்கும் அமலராணியின் கோட்டுப் பைக்குள் ஒரு மணிச் சத்தம் கேட்டது. அவ போனை எடுத்துப் பார்த்து, தொகையைச் சொல்லி, திரும்பப் பைக்குள் வைத்தா. யோசேப் இடையிடையே ஏற்றிவிட்டு ஒழுங்காக விலகினார். எட்டு விற்றன.

“எவ்வளவு?” என்று குருசுமுத்து தமிழில் கேட்டார்.

“பதின்மூவாயிரத்து இருநூறு.”

இன்னும் நாலாயிரத்து எண்ணூறு வேண்டும். மிச்சம் ஒன்றே ஒன்று. கூடத்துப் பெரியது. அதுவரை இரண்டாயிரத்து நூறுக்குமேல் எதுவும் போகவில்லை. குருசுமுத்து கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டார். கதிரையில் அமலராணி முன்னால் சரிந்து இருந்தா.

ஆயிரத்தில் தொடங்கியது. தாடிக்காரர் இரண்டாயிரத்தில் நின்றார். இளம் சோடி இரண்டாயிரத்து ஐந்நூறில் நின்றது. மூக்குக்கண்ணாடிப் பெண்மணி மூவாயிரம் என்றா. யோசேப் மூவாயிரத்து இருநூறு என்று ஏற்றினார். அவ மூவாயிரத்து ஐந்நூறு என்றா. இதுதான் விலகும் இடம். யோசேப் வாயை மூடிக்கொண்டு, வேலியைப் பார்த்தார். திட்டப்படி மிகச் சரியாகச் செய்தார்.

ஆனால் குருசுமுத்து அப்போது கிரின்ஸ்டெட்டில் இல்லை. அவர் பேசாலை மணலில் நின்றார். வியாபாரி வாய் மூடினால் கூறியார் சீண்ட வேண்டும். அப்பன் அப்படித்தான் செய்வார். தன்னுடைய ஆளைத்தான் சீண்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அவர் தமிழில் குரல் கொடுத்தார்.

“என்ன அங்கால சத்தத்தைக் காணேல்லை? பாசையூர் மூச்சு உவ்வளவுதானோ? மூழ்கமுந்தியே இளைச்சுப் போச்சு.”

யோசேப்பின் காது சிவந்தது. “நாலாயிரம்,” என்றார்.

பெண்மணி கண்ணாடியைச் சரிசெய்தா. “நாலாயிரத்து இருநூறு.”

“சிறகு வலை இழுத்த ஆக்கள் எண்டு கதைவிட்டது எல்லாம் வலை இல்லாமல் இழுத்ததுபோல கிடக்கு,” என்றார் குருசுமுத்து.

“ஐயாயிரம்,” என்றார் யோசேப். டெனிஷில் சொன்னார், பிறகு தமிழிலும் சொன்னார், கேட்காமல் போய்விடக்கூடாது என்று.

பெண்மணி கைப்பையை மூடிச் சிரித்தா. “எடுத்துக்கொள்ளுங்கள். என்னைவிட உங்களுக்குத்தான் ஆசை அதிகம்.”

“முதலாம் தரம்,” என்றார் குருசுமுத்து. “இரண்டாம் தரம்.” அங்கேதான் அவருக்கு மணலெல்லாம் மறைந்து, புல்லில் நிற்கிற யோசேப்பின் முகம் தெரிந்தது. யோசேப்பும் அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

நிறுத்தலாம். நிறுத்தினால் ஏன் என்று சனம் கேட்கும். இந்த ஐயா ஏத்திவிட நின்றவர் என்று தெரிந்தால், மற்ற எட்டின் காசையும் திருப்பிக் கேட்பார்கள். பெண்மணிக்குக் கொடுத்தால் அறுநூறு குறையும். மாற்றமில்லை என்று சொன்னது இவர் வாய்தான். டெனிஷ் முகங்கள் மூன்றாவது தரத்துக்காகக் காத்திருந்தன. அமலராணியின் முகமும் அதில் ஒன்று.

“மூன்றாம் தரம்.”

சனம் கைதட்டியது. சைக்கிள் கிழவர்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். யோசேப் சிரித்த முகத்தோடு கிட்ட வந்து, பல்லைத் திறக்காமல் பேசினார்.

“முத்தண்ணை, நீங்கள் சொல்லித்தானே நான் வந்து நிண்டனான்.”

“ஏத்தச் சொன்னன். வாங்கச் சொன்னனே?”

“பாசையூரை இழுத்தது ஆர்?”

“இழுத்தா? நீ ஏன் வந்து விழுந்தனி?”

“என்னட்டை வீட்டில ஆறு ரேடியேற்றர் கிடக்கு. எல்லாம் வேலை செய்யுது. உதை நான் எங்கை வைக்கிறது, தலைமாட்டிலயோ?”

ஏதாவது பிரச்சினையா என்று மூக்குக்கண்ணாடிப் பெண்மணி கேட்டா. நண்பர் எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கிறார் என்றார் குருசுமுத்து. தாடிக்காரர் உடனே தன் இழுவை வண்டியில் ஏற்றிவிடலாம் என்று முன்வந்தார். இதற்குமேல் நல்ல மனிதர்களை எங்கே தேடுவது? யோசேப்புக்குத் தப்ப ஒரு சந்தும் இல்லாமல் போய்விட்டது.

குருசுமுத்து பியர்ப் பெட்டியிலிருந்து இறங்கினார். குரலும் இறங்கியது.

“யோசேப், வேண்டாமெண்டா விடு. அவ நாலாயிரத்து இருநூறுக்கு எடுப்பா. மிச்சத்துக்கு நான் ஏதும் வழி பாப்பன்.”

அவர் அப்படி ஒரு சொல்லைச் சொன்னதை யோசேப் முப்பது வருசத்தில் கேட்டதில்லை. பிறகு காற்சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

“என்னத்துக்கு? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, பாசையூரான் கேட்ட விலையைக் கட்டேல்லை எண்டு கோயில் வாசலில வைச்சுக் கதைக்கிறதுக்கோ? இது பின்னேரம் கட்டவேண்டிய சீட்டுக்காசு. மனிசி எண்ணித் தந்தவ. அவவுக்கு நீங்கள்தான் வந்து சொல்லவேணும்.”

“சொல்லுறன்.”

“ஒண்டும் சொல்லமாட்டியள். எனக்குத் தெரியும்.”

அமலராணி கதிரையை விட்டு எழும்பி வந்தா. வழியில் திறந்திருந்த வாசலால் கூடத்தை எட்டிப் பார்த்தா. திருப்பிப் போட்ட கம்பளத்தையும் பார்த்தா. அதைப்பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அது பிறகு சொல்லப்படும் என்று குருசுமுத்துவுக்குத் தெரிந்தது.

“தம்பி யோசேப்,” என்றா. “விக்ரோரியாவுக்கு நான் கதைக்கிறன். நத்தாருக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எங்கடை வீட்டை வாங்கோ. நான் சமைக்கிறன்.”

“எந்த வீட்டை அக்கா? வைலேக்கோ?”

“ஏன், இந்த வீட்டுக்கு என்ன? திங்கட்கிழமை பிறெபெனுக்குச் சொல்லிப்போட்டா நத்தாருக்குமுன்னம் பூட்டிவிடுவான்.”

குருசுமுத்து எங்கோ மரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தொண்டையைச் செருமினார். முப்பது வருசத்துக்குமுன் நானூற்றைம்பது குறோணருக்கு வாங்கியதைப் பதினெண்ணாயிரத்து இருநூறுக்கு விற்றவன் இந்த டென்மார்க்கில் இன்னொருவன் இருந்தால் காட்டட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அமலராணி ஒரு பார்வை பார்த்தா. அவர் அதை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, காசுக்குக் கையை நீட்டினார்.

அந்தக் கைக்கு மேலே இன்னொரு கை வந்து விரிந்தது.

“இதுவும் இஞ்சை வரட்டும்,” என்றா அமலராணி.

யோசேப் இரண்டு கைகளையும் பார்த்தார். மேலே இருந்ததைத் தெரிந்தெடுத்தார். விரலை நாக்கில் நனைத்து, ஐந்நூறு ஐந்நூறாக, சனம் முழுவதும் பார்த்து நிற்க, அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.